மதியத் தூக்கத்தை வைத்து ஹோட்டல் பாருங்கள்: சின்னப் பிள்ளைகளோடு தீம் பார்க் போகிறவர்களுக்கு

தீம் பார்க் ஹோட்டல் தேட உட்கார்ந்தால் முதலில் கண்ணை இழுப்பது படங்கள்தான். கப்பல் வடிவில் கட்டில், சுவர் நிறையப் பொம்மைகள், நீச்சல் குளத்துக்கு நடுவில் கோட்டை. பிள்ளைகள் பார்த்துவிட்டால் அந்த அறைதான் வேண்டும் என்பார்கள். அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் பள்ளிக்குப் போகாத வயதில் ஒரு பிள்ளையாவது உங்களோடு வருகிறது என்றால், படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். மதியம் ஒரு மணி. வெயில் உச்சியில். இடுப்பில் இருக்கும் குழந்தை தோளில் சாய்ந்துவிட்டது. பூங்காவுக்குள் நிற்கும் நீங்கள் அந்தக் குழந்தையை அறைக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்கவைக்க எத்தனை நிமிடம் ஆகும்?

அரை மணிக்குள் என்றால் அது நல்ல ஹோட்டல். ஒரு மணி நேரம் என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் இப்போது எடுக்காதீர்கள். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு அங்கே தாராளமாகப் போகலாம்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. வெளியூர்ப் பயணம் என்றால் பெரும்பாலும் என் மாமியாரும் வருவார். சின்னவன் விடிவதற்கு முன்னாலேயே எழுந்துவிடுவான். பூங்கா திறக்கும்போது நாங்கள் வாசலில் நிற்போம், பதினொன்றரை வரை எல்லோருக்கும் சந்தோஷம்தான். அதற்கப்புறம் வெயில் ஏறும், கூட்டம் ஏறும், ஒவ்வொரு வரிசையும் நீளும். பன்னிரண்டரைக்குச் சின்னவன் ஒன்றுமில்லாததற்கு அழுவான், அத்தைக்கு முழங்கால் வலி ஆரம்பிக்கும். அப்போது அறைக்குப் போய் இரண்டு மணி நேரம் இருட்டில் தூங்கி எழுந்து, குளத்தில் கொஞ்சம் நனைந்து, ஐந்து மணிக்குத் திரும்ப வந்தால் இன்னொரு முழு நாள் கிடைத்த மாதிரி இருக்கும். ஊர்வலம், விளக்கு அலங்காரம், வெயில் தணிந்த நேரத்து ராட்டினம் எல்லாமே மாலையில்தான் அழகு. திரும்பிப் போக வழியில்லாத குடும்பங்கள் மூன்று மணி வரை இழுத்துப் பிடித்துவிட்டு, அழுகிற பிள்ளையோடு மொத்தமாகக் கிளம்பிவிடுகின்றன. அவர்கள் வாங்கிய டிக்கெட்டில் நல்ல பாதி அப்படியே போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஹோட்டல் பக்கத்தில் இருந்தால் குடும்பம் இரண்டாகப் பிரியலாம். என் கணவர் சின்னவனையும் அத்தையையும் அறைக்குக் கூட்டிப்போவார், நானும் பெரியவளும் அவள் உயரத்துக்கு அனுமதியுள்ள ரைடுகளில் ஏறுவோம். கார் எடுத்துத்தான் போக வேண்டும் என்கிற ஹோட்டலில் இது நடக்காது. ஒருவர் கிளம்பினால் எல்லோரும் கிளம்ப வேண்டும்.

கட்டில் வரைக்கும் கணக்குப் போடுங்கள்

ஹோட்டல்காரர்கள் சொல்லும் தூரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். என் தங்கை ஒரு ஹோட்டலைக் காட்டி, "அக்கா, பார்க்குக்கு அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கே" என்றாள். வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். அந்த ஐந்து நிமிடம் காரில், அதுவும் பூங்காவின் வாகன நிறுத்தம் வரைக்கும். அங்கிருந்து நுழைவாயிலுக்கு இன்னொரு வண்டி. நுழைவாயிலுக்கு முன்னால் பை சோதனை வரிசை. அவள் வேறு ஹோட்டல் எடுத்தாள்.

கணக்கில் வர வேண்டியவை இவை: நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பூங்கா வாசல் வரை நடை. பஸ்ஸோ ரயிலோ வரும் வரை காத்திருப்பு. ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிப்போகும் வண்டியை, மடக்கி ஏற்றும் நேரம். பயணம். இறங்கிய பிறகு ஹோட்டல் வாசலிலிருந்து உங்கள் அறை வரை நடை. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பெரிய ரிசார்ட்டுகள் ஒரே கட்டடமாக இருப்பதில்லை, ஏரியைச் சுற்றிப் பரந்து கிடக்கும்.

அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் பல பூங்காக்கள் சேர்ந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். அதற்குள் இருக்கும் எந்த ஹோட்டலும் "பூங்காவின் சொந்த ஹோட்டல்"தான், ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 1971-ல் அந்த இடம் திறந்தபோதே கட்டப்பட்ட கன்டெம்பரரி ஹோட்டலிலிருந்து மேஜிக் கிங்டம் பூங்காவின் வாசலுக்குப் பத்து நிமிட நடைதான். மோனோரயில் அந்தக் கட்டடத்தின் உள்ளேயே புகுந்து போகும். பாலினீசியன், கிராண்ட் ஃபுளோரிடியன் இரண்டுக்கும் அதே மோனோரயில் உண்டு. அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற ஹோட்டலும் அற்புதமான இடம்தான். பால்கனியில் நின்று ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம். ஆனால் அங்கிருந்து எந்தப் பூங்காவுக்கும் பஸ் மட்டும்தான், மேஜிக் கிங்டம் நல்ல தொலைவு. விலங்குகளைப் பார்ப்பதற்காகவே இரண்டு நாள் தங்குவது என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது. தினமும் மதியம் திரும்பி வர வேண்டும் என்றால் யோசியுங்கள்.

பஸ் இலவசம்தான். ஆனால் அங்கே பஸ்ஸில் ஏற ஸ்ட்ரோலரை மடக்க வேண்டும். அதற்குத் தூங்குகிற குழந்தையைத் தூக்க வேண்டும், அடியில் அடைத்த பைகளை எடுக்க வேண்டும், இன்னொரு கையில் மூத்த பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழந்தை விழித்துவிட்டால் அன்றைய தூக்கம் அவ்வளவுதான். இதனால்தான் எனக்கு ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் மேல் தனிப் பிரியம். 2019 செப்டம்பரில் ஓட ஆரம்பித்த அது பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச், ரிவியரா ஆகிய ஹோட்டல்களை எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்ற இரண்டு பூங்காக்களோடு இணைக்கிறது. ஸ்ட்ரோலரை மடக்காமல் அப்படியே உருட்டிக்கொண்டு உள்ளே போகலாம். சின்னவன் கண்ணைத் திறக்காமல் பூங்காவிலிருந்து அறை வரை வந்து சேர்ந்த இடம் அதுதான். இவற்றில் பாப் செஞ்சுரி அந்த ரிசார்ட்டின் மலிவான வகையைச் சேர்ந்தது என்பது இன்னும் நல்ல சேதி. மின்னல் அடித்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், அப்போது பஸ்தான். மேஜிக் கிங்டம் போகவும் பஸ்தான். அதனால் உங்கள் பிள்ளைகள் அதிக நாள் எந்தப் பூங்காவில் இருக்கப்போகிறார்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் ஹோட்டல் தேடுங்கள். ஆறு வயதுக்குள் என்றால் பெரும்பாலும் அது மேஜிக் கிங்டமாகத்தான் இருக்கும்.

ஸ்ட்ரோலரின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்னி வேர்ல்டு பூங்காக்களில் 79 செ.மீ. அகலம், 132 செ.மீ. நீளம் தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள். இழுவை வண்டி மாதிரியான வேகன்களுக்கு 2019 மே மாதத்திலிருந்து அனுமதி இல்லை.

மற்ற இடங்களிலும் இதே கணக்குதான். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் கிராண்ட் கலிஃபோர்னியன் ஹோட்டலுக்குப் பக்கத்துப் பூங்காவான கலிஃபோர்னியா அட்வென்ச்சருக்குள் போகத் தனி வாசலே இருக்கிறது. அது கட்டுப்படியாகவில்லையா? ஹார்பர் பூல்வர்ட் சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கும் சாதாரண விடுதிகளில் சில, டிஸ்னியின் சொந்த ஹோட்டல்கள் சிலவற்றைவிட வாசலுக்குப் பக்கம். சாலையைக் கடந்தால் போதும். பூங்காவின் பெயர் போட்ட ஹோட்டல்தான் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

டோக்கியோவில் டோக்கியோ டிஸ்னிலேண்ட் ஹோட்டல் நுழைவாயிலுக்கு நேர் எதிரே நிற்கிறது. மிராகோஸ்டா ஹோட்டல் டிஸ்னிசீ பூங்காவின் சுவரோடு சுவராகவே கட்டப்பட்டிருக்கிறது. செலிப்ரேஷன் ஹோட்டலும் அதே நிறுவனத்துடையதுதான், விலையும் குறைவு, ஆனால் ஷட்டில் பஸ் பிடித்துப் போக வேண்டிய தூரம். பாரிஸில் டிஸ்னிலேண்ட் ஹோட்டல் பூங்காவின் நுழைவாயிலுக்கு மேலேயே இருக்கிறது. நியூபோர்ட் பே, செக்கோயா லாட்ஜ், ஷயென், சாண்டா ஃபே ஆகியவற்றிலிருந்து நடந்தும் வரலாம், ஷட்டிலும் உண்டு. டேவி க்ராக்கெட் ராஞ்ச் மட்டும் விதிவிலக்கு. காட்டுக்குள் மரவீடு, கேட்கவே நன்றாக இருக்கும், ஆனால் அங்கிருந்து ஷட்டில் கிடையாது. கார் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அறைக்குள் கதவு இருக்கிறதா?

பக்கத்தில் இருக்கும் ஹோட்டல்கள் இரண்டு மூன்று கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நான் பார்ப்பது அறையின் வரைபடம். அலங்காரத்தை அப்புறம்தான் பார்ப்பேன்.

ஒரே அறையில் இரண்டு பெரிய கட்டில் என்பதுதான் வழக்கமான அமைப்பு. நான்கு பேர் படுக்கலாம், இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஏழரை மணிக்குச் சின்னவன் தூங்கினால் ஏழரை மணிக்கே எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார வேண்டும். பெரியவள் பேசவும் முடியாது, நாம் அடுத்த நாளைத் திட்டமிடவும் முடியாது. மதியமும் அதே கதை. அதனால் தூங்குகிறவர்களுக்கும் விழித்திருப்பவர்களுக்கும் நடுவில் ஏதாவது ஒரு மறைப்பு வேண்டும். கதவு இருந்தால் உத்தமம். இல்லையென்றால் திரை, தடுப்பு, வெளியே உட்கார ஒரு பால்கனி, எதுவானாலும் சரி.

இந்த விஷயத்தை நன்றாக யோசித்துக் கட்டியவை லெகோலேண்ட் ஹோட்டல்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் அறைகள் ஏறத்தாழ ஒரே மாதிரி: பெரியவர்களுக்கு ஒரு பெரிய கட்டில், பிள்ளைகளுக்குத் தனிப் பகுதியில் அடுக்குக் கட்டில், இழுத்தால் வெளியே வரும் இன்னொரு படுக்கை, அவர்களுக்கென்று ஒரு டிவி. அறைக்குள்ளேயே ஒரு புதையல் வேட்டையும் உண்டு. துப்புகளைக் கண்டுபிடித்தால் பெட்டி திறக்கும். ஹோட்டலும் பூங்காவின் வாசலிலேயே இருக்கும். லெகோலேண்ட் பூங்காக்கள் 2 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. அதனால் முதல் தீம் பார்க் பயணத்துக்கு எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது லெகோலேண்டைத்தான். 1968-ல் டென்மார்க்கின் பில்லுண்டில் தொடங்கிய முதல் பூங்காவோ, 2012-ல் மலேசியாவின் ஜொகூரில் திறந்ததோ, எது உங்களுக்குப் பக்கமோ அது. ஒரு எச்சரிக்கை: அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம். எவ்வளவு கெஞ்சினாலும் பகலில் ஏறி விளையாட மட்டும், அதுவும் நாம் பக்கத்தில் நிற்கும்போது.

பாட்டி தாத்தாவோடு போகிறவர்கள் டிஸ்னி வேர்ல்டின் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஹோட்டலில் உள்ள குடும்ப அறைகளைப் பாருங்கள். ஆறு பேர் தங்கலாம், தனிப் படுக்கையறை, இரண்டு குளியலறை, மைக்ரோவேவும் ஃபிரிட்ஜும் வைத்த சின்னச் சமையல் மேடை. காலை ஏழு மணிக்கு ஐந்து பேர் கிளம்பும்போது இரண்டாவது குளியலறையின் அருமை தெரியும். அதே ஹோட்டலில் லிட்டில் மெர்மெய்ட் பகுதி என்று ஒன்று இருக்கிறது. அவை சாதாரண அறைகள். முகப்புக் கட்டடத்திலிருந்து மிகத் தள்ளி இருப்பவையும் அவைதான். விலை குறைவு என்று எடுத்தால் அந்தக் கூடுதல் நடையையும் சேர்த்தே எடுக்கிறீர்கள்.

இரண்டு அறை எடுப்பதாக இருந்தால் "பக்கத்துப் பக்கத்து அறை" என்று கேட்காதீர்கள். நடுவில் உள்கதவு வைத்த அறைகள் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். "முயற்சி செய்கிறோம்" என்ற பதில் போதாது. உறுதி என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாசலில் போய் நிற்கும்போது அந்த மின்னஞ்சல்தான் பேசும்.

கைக்குழந்தை இருந்தால் மடக்குத் தொட்டில் தருவார்களா என்று கேட்டு முன்பதிவிலேயே குறித்துவைக்கச் சொல்லுங்கள். டிஸ்னி வேர்ல்டில் தொட்டிலில் படுக்கும் மூன்று வயதுக்குக் கீழான குழந்தையை அறையின் ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை. நான்கு பேர் அறையில் ஒரு கைக்குழந்தையும் தங்கலாம். ஆனால் நான்கு பேரும் தொட்டிலும் வந்த பிறகு தரையில் கால் வைக்க இடம் இருக்குமா என்பது வேறு கேள்வி, அறையின் சதுர அடியைப் பாருங்கள். தொட்டில் வந்ததும் மெத்தை கெட்டியாக, இடைவெளியில்லாமல் பொருந்துகிறதா என்று அழுத்திப் பாருங்கள். தலையணை, தடித்த போர்வை இருந்தால் எடுத்து வெளியே வையுங்கள்.

டோக்கியோ டிஸ்னி ஹோட்டல்களில் சின்னப் பிள்ளைகள் பெற்றோரோடு ஒரே கட்டிலில் படுத்துக்கொள்ளத் தனிக் கட்டணம் கிடையாது. எப்படியும் அம்மாவை ஒட்டிக்கொண்டுதான் தூங்குவேன் என்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது பெரிய சகாயம். ஆனால் கட்டில் எத்தனை அகலம் என்று செ.மீ. கணக்கில் பார்த்துவிட்டு எடுங்கள்.

சத்தமும் இருட்டும் மிச்சம். குளத்தைப் பார்த்த அறை படத்தில் அழகாக இருக்கும், மதியம் இரண்டு மணிக்கு அங்கேதான் ஊர்ச் சத்தம் முழுவதும். லிஃப்ட் பக்கம், ஐஸ் இயந்திரம் பக்கம், பஸ் நிறுத்தம் பக்கம் இவற்றையும் தவிர்க்கச் சொல்லலாம். பூங்காவுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் ஹோட்டல்களில் இரவு வாணவேடிக்கைச் சத்தம் அறைக்குள் கேட்கும். தூக்கத்தில் திடுக்கிடும் பிள்ளை என்றால் பூங்காவுக்கு எதிர்த்திசையைப் பார்த்த அறை கேளுங்கள், அது பெரும்பாலும் விலையும் குறைவு. ஜன்னலில் வெளிச்சம் புகாத கனத்த திரை இருக்கிறதா என்பதைத் தங்கியவர்கள் எடுத்த படங்களில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஹோட்டல் போடும் படங்களில் திரை எப்போதும் திறந்தேதான் இருக்கும்.

உங்கள் பிள்ளைக்குப் பயன்படாத சலுகை

ஹோட்டலில் தங்குகிறவர்களுக்குப் பூங்காக்கள் சில சலுகைகள் தருகின்றன. அவற்றின் மதிப்பு உங்கள் பிள்ளையின் உயரத்தைப் பொறுத்தது.

யூனிவர்சல் ஒர்லாண்டோ என்ற தீம் பார்க் வளாகத்தில் போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்கினால் வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் அங்குள்ள இரண்டு பழைய பூங்காக்களுக்கு இலவசமாகச் சேர்ந்து வருகிறது. 2025 மே மாதம் திறந்த எபிக் யூனிவர்ஸ் என்ற புதுப் பூங்காவுக்கு அது செல்லாது. பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பாஸுக்காகவே அங்கே தங்கலாம். ஆனால் அங்கே ஹல்க் ரோலர் கோஸ்டருக்கு 137 செ.மீ. உயரம் வேண்டும், வெலாசிகோஸ்டருக்கு 130 செ.மீ. என் ஐந்து வயது மகள் இரண்டிலும் ஏற முடியாது. ஏற முடியாத ரைடின் வரிசையைத் தாண்டி நமக்கு என்ன ஆகப்போகிறது? அந்தப் பணத்தை மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் உள்ளே விடும் சலுகை அப்படியில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதுதான் உண்மையான லாபம், ஏனென்றால் நம் வீட்டில் எப்படியும் விடியும்போதே எழுந்துவிடுகிறார்கள். டிஸ்னி வேர்ல்டில் தங்குகிறவர்கள் தினமும் அரை மணி முன்னதாகப் போகலாம். மலிவான ஹோட்டலில் தங்கினாலும் இது உண்டு. மேஜிக் கிங்டமில் அந்த நேரத்தில் ஃபேன்டஸிலேண்ட் பகுதி திறந்திருக்கும். டம்போ, பீட்டர் பான் மாதிரி உயரக் கட்டுப்பாடே இல்லாத ரைடுகள் அங்கேதான் இருக்கின்றன. பீட்டர் பானுக்குப் பகலில் நிற்க வேண்டிய வரிசையைப் பார்த்தவர்களுக்கு இந்த அரை மணியின் மதிப்பு தெரியும். டிஸ்னிலேண்ட் பாரிஸில் டிஸ்னி ஹோட்டல்களில் தங்குகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வழி விடுகிறார்கள். டோக்கியோவில் 15 நிமிடம்தான். ஆனால் அங்கே திறக்கும் நேரத்துக் கூட்டத்துக்கு முன்னால் 15 நிமிடம் என்பதும் சின்ன விஷயமில்லை.

பிள்ளைகளை வீட்டுச் சுவரில் நிறுத்தி உயரம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், காலணி போட்டபடி. பிறகு போகும் பூங்காவின் ரைடு பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேஜிக் கிங்டமின் ஏழு குள்ளர்கள் சுரங்க ரயிலுக்கு 97 செ.மீ. போதும், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 வேண்டும். எத்தனை ரைடுகள் உங்கள் பிள்ளைக்குத் திறந்திருக்கின்றன என்று தெரிந்தால் எத்தனை இரவு தங்க வேண்டும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட சலுகைகள் அடிக்கடி மாறும். டிஸ்னி வேர்ல்டு விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு விட்ட இலவச பஸ் நின்றது 2022 ஜனவரியில். இன்னமும் அதை நம்பச் சொல்லும் பழைய குறிப்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முன்பதிவு செய்யும் நாளில் பூங்காவின் சொந்தத் தளத்தில் படித்ததை மட்டும் நம்புங்கள். விமான நிலையத்திலிருந்து காரில் போவதாக இருந்தால் குழந்தைகளுக்கான கார் இருக்கை கிடைக்குமா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

குளம்

சறுக்குமரம் எவ்வளவு உயரம் என்பது எனக்கு முக்கியமில்லை. முழங்கால் அளவுத் தண்ணீர் உள்ள தனிப் பகுதி இருக்கிறதா, குளத்தைச் சுற்றி வேலியும் தானாக மூடும் கதவும் இருக்கிறதா, உயிர்காப்பாளர் எந்த நேரத்தில் இருப்பார், மிதவைச் சட்டை சின்ன அளவில் தருவார்களா, இவ்வளவுதான். உயிர்காப்பாளர் இருந்தாலும் நீச்சல் தெரியாத பிள்ளைக்குக் கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தரைத்தள அறையின் கதவு நேராகக் குளத்தைப் பார்த்துத் திறக்கும் அமைப்பை, ஓடித் திரியும் வயதுப் பிள்ளை இருக்கும்வரை நான் எடுக்க மாட்டேன்.

பணம்

ஓர் இரவுக்கு எவ்வளவு என்ற எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். வரி, ரிசார்ட் கட்டணம் (அறை வாடகைக்கு மேல் ஹோட்டல் கட்டாயமாக வாங்குவது), ஹோட்டலில் கார் நிறுத்தும் கட்டணம், பூங்காவில் கார் நிறுத்தும் கட்டணம், டாக்சி, இவை எல்லாவற்றையும் கூட்டி மொத்தப் பயணத்துக்கு ஓர் எண் வரவேண்டும். அமெரிக்காவில் கட்டாயக் கட்டணங்களை முதலிலேயே சேர்த்து மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே 12 முதல் நடப்பில் இருக்கிறது. கார் நிறுத்தும் கட்டணம் மாதிரி விருப்பத்தின் பேரில் வருபவை அதில் அடங்காது. டிஸ்னி வேர்ல்டின் சொந்த ஹோட்டல்களில் ரிசார்ட் கட்டணம் வாங்குவதில்லை, 2023 ஜனவரியிலிருந்து கார் நிறுத்தவும் கட்டணம் இல்லை. வெளி ஹோட்டலோடு ஒப்பிடும்போது இதைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் நினைத்ததைவிடச் சுருங்கிவிடும்.

டிக்கெட்டும் இந்தக் கணக்கில் வருகிறது. ஒர்லாண்டோவிலும் பாரிஸிலும் டிஸ்னி பூங்காக்களில் மூன்று வயது நிறையாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். டோக்கியோவில் நான்கு வயதிலிருந்துதான் வேண்டும். சின்னவர் டிக்கெட்டில் மிச்சமாவதைப் பக்கத்து ஹோட்டலுக்குக் கொடுங்கள் என்பேன். அந்த நெருக்கம் யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ, அவர் பங்குதான் அது.

இரவுகளைக் குறைத்துப் பக்கத்தில் தங்குவதா, தூரத்தில் அதிக நாள் தங்குவதா என்று வந்தால் நான் முதலாவதையே எடுப்பேன். நாள் குறைந்தால் பிள்ளைகளுக்குக் குறையாகத் தெரிவதில்லை. களைத்த நாள்கள்தான் அவர்களைப் படுத்துகின்றன. பணத்தைத் திருப்பித் தராத மலிவு விலையில் மட்டும் முன்பதிவு செய்யாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கிளம்பும் வாரத்தில் காய்ச்சல் வருவது சகஜம். எந்தத் தேதி வரை பணம் பிடிக்காமல் ரத்து செய்யலாம் என்று பார்த்து, அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே கைபேசியில் நினைவூட்டல் போட்டு வையுங்கள்.

பதிவு செய்வதற்கு முன் ஒரு போன்

இவ்வளவும் சரியாக வந்த பிறகும் ஹோட்டலுக்கு ஒருமுறை போன் செய்வேன். பால்கனிக் கதவுக்குப் பிள்ளை எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா? ஃபிரிட்ஜ் பாலும் மருந்தும் வைக்கும் அளவுக்குக் குளிருமா, இல்லை வெறும் பானக் குளிரூட்டியா? குளியலறையில் தொட்டியா, ஷவர் மட்டுமா? வயதானவருக்குத் தொட்டி விளிம்பைத் தாண்டுவது கஷ்டம், கைக்குழந்தைக்குத் தொட்டி இருந்தால் சுலபம், எங்களுக்கு இரண்டும் வேண்டியிருக்கும். துணி துவைக்கும் இயந்திரம் உள்ளேயே உண்டா? இரவில் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால் பக்கத்தில் எந்த மருத்துவமனை? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் வருகிற ஹோட்டலில் குடும்பங்கள் நிறைய வந்து போகின்றன என்று அர்த்தம்.

முதல் நாளையும் கடைசி நாளையும் பற்றியும் அந்தப் போனிலேயே கேளுங்கள். டிஸ்னி வேர்ல்டில் அறை கிடைப்பது பெரும்பாலும் மாலை மூன்று மணிக்கு, காலி செய்வது காலை பதினொரு மணிக்கு. மற்ற இடங்களிலும் ஏறக்குறைய இதுபோலத்தான். பயணக் களைப்போடு காலை பத்து மணிக்கு வந்து இறங்கும் பிள்ளை மூன்று மணி வரை எங்கே தூங்கும்? பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு குளத்தைப் பயன்படுத்த விடுவார்களா, முன்னதாக அறை தர முடியுமா, கடைசி நாள் மதியம் உடை மாற்ற இடம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் விமான நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் எப்போதும் முதல் நாளுக்குப் பூங்கா டிக்கெட் வாங்குவதில்லை. அன்றைக்குக் குளம், தூக்கம், ஹோட்டலிலிருந்து பூங்கா வாசல் வரை ஒரு மாலை நடை, அவ்வளவுதான். அந்த நடையிலேயே கடிகாரத்தைப் பார்த்து, மறுநாள் மதியம் எத்தனை மணிக்கு உள்ளேயிருந்து கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிடுவோம்.